பிடித்த பாட்டு, பிடிக்க வைத்த ஊர்

டிசம்பர் பிறந்துவிட்டால் கைபேசி ஆண்டுக் கணக்கை எடுத்து நீட்டுகிறது. இந்த வருடம் நீங்கள் அதிகம் கேட்ட பாட்டு இது, அதிகம் கேட்ட குரல் இவருடையது, மொத்தம் இத்தனை ஆயிரம் நிமிடம் என்று வண்ண வண்ண அட்டைகள். ஸ்பாட்டிஃபை இதை 2016-லிருந்து ‘ராப்டு’ என்ற பெயரில் செய்கிறது. இந்தியாவுக்குள் அந்தச் செயலி வந்தது 2019 பிப்ரவரியில். இப்போது பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் டிசம்பர் முதல் வாரம் முழுக்க இந்த அட்டைகள்தான்.

அந்தக் கணக்குக்கு ஒரு விதி உண்டு. பாட்டு 30 வினாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகச் சேரும். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகள் சிலவற்றில் 30 வினாடியில் முன்னிசையே முடிந்திருக்காது. பாடகர் வாய் திறக்கும் முன்பே கணக்கில் ஒன்று ஏறிவிடும். அது போகட்டும், பெரிய ஓட்டை வேறு. திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் காதில் ஒரு வருடத்தில் விழும் பாட்டுகளில் அவரே தேடிப் போட்டவை எத்தனை? மினிபஸ்ஸில் ஓட்டுநர் போட்டது, டீக்கடையில் ஓடியது, கல்யாண மண்டபத்தில் இரைந்தது, கோயில் கொடை விழாவில் ராத்திரி முழுக்க ரேடியோ செட்டில் ஒலித்தது எதுவுமே அந்த அட்டையில் வராது. ஆனால் எது நமக்குப் பிடித்த பாட்டு என்பதைத் தீர்மானிப்பதில் அவற்றின் கைதான் ஓங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். இசையையும் மூளையையும் ஆராய்கிறவர்கள் ஐம்பது அறுபது வருடமாகக் கண்டு சொன்னவற்றில் பலவும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

2024-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் தமிழ்நாடே முணுமுணுத்த பாட்டுகளைப் பட்டியல் போடச் சொன்னால் புதுப் படங்களோடு இரண்டு கிழட்டுப் பாட்டுகளும் உள்ளே வந்து உட்காரும். பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்தது; கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கதை. அதில் ‘குணா’ படத்தின் ‘கண்மணி அன்போடு’ ஒலித்தது. குணா 1991-இல் வந்த படம். செப்டம்பரில் ‘லப்பர் பந்து’ வந்தது. அதில் விஜயகாந்த் ரசிகரான ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டையோடு களமிறங்கும்போது ‘நீ பொட்டு வச்ச’ பாட்டைப் போடுவார்கள். அது 1989-இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்துப் பாட்டு. இரண்டுக்கும் இசை இளையராஜா. இரண்டுமே அந்த வருடம் ரீல்ஸில், மைதானத்தில், கல்யாண வீட்டில் என்று எங்கும் ஓடின.

பெரியவர்கள் உருகியதில் வியப்பில்லை. 2005-இல் பிறந்த பையன் எதற்கு உருகினான்? அந்தப் பாட்டுகள் வந்தபோது அவன் பிறக்கவே இல்லை. அவனுக்குப் பழைய நினைவு என்று எதுவும் இருக்க வழியில்லையே?

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதையெல்லாம் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை விகிதத்துக்கு மீறி வந்து குவியும். நினைவை ஆராய்கிறவர்கள் இதை நினைவு மேடு என்கிறார்கள். பாட்டு விஷயத்தில் இந்த மேடு இன்னும் செங்குத்தானது. ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், பல வயது அமெரிக்கர்களுக்குப் பல காலத்து ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருவருக்குச் சுமார் இருபத்து மூன்றரை வயது இருக்கும்போது வந்த பாட்டுகளே அதிக மதிப்பெண் வாங்கின. பிறகு வந்த வேறு சில ஆய்வுகள் அந்த வயதைப் பதின்பருவத்துக்கே இறக்கிவிட்டன. முதல் காதல், முதல் வேலை, வீட்டை விட்டு முதல் பயணம் எல்லாம் அந்தக் காலத்தில்தான் நடக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டு ஓடியதோ அது கூடவே ஒட்டிக்கொள்கிறது. 2009-இல் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜனாட்டா என்பவர், பழைய பாட்டு கேட்கும் ஆட்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். பாட்டோடு சொந்த வாழ்க்கை நினைவு சேர்ந்து வரும்போது நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டிய பகுதி சுறுசுறுப்பானது. நம்மைப் பற்றி நாமே யோசிக்கும்போது வேலை செய்கிற பகுதிகளில் அதுவும் ஒன்று.

இந்தப் பையனின் கதைக்கு நெருங்கி வந்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்து கேரல் கிரம்ஹான்சல். 2013-இல் அவரும் ஜஸ்டின் சுப்னிக்கும் இருபது வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து 1955 முதல் 2009 வரை வந்த ஹிட் பாட்டுகளைக் கேட்க வைத்தார்கள். தங்கள் காலப் பாட்டுகளில் அவர்கள் கிறங்கியது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது என்னவென்றால், எண்பதுகளின் தொடக்கத்தில் இன்னொரு மேடு தெரிந்தது. கணக்குப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு அப்போது இருபது வயது. அறுபதுகளிலும் ஒரு சின்ன மேடு. அது தாத்தா பாட்டி வழி வந்ததா, அந்தக் காலப் பாட்டுகளின் தரமா என்று ஆய்வாளர்களே முடிவாகச் சொல்லவில்லை. பெற்றோரின் இளமைக்காலப் பாட்டு வீட்டில் ஓடியபடியே பிள்ளையின் காதுக்குள் இறங்கிவிடுகிறது என்பது மட்டும் தெளிவு.

ஆகவே 2024-இல் அந்தப் பையனுக்கு ‘நீ பொட்டு வச்ச’ புதுப் பாட்டாகத் தெரிந்திருக்கலாம். அவன் காதுக்கு அது புதியதாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. 1989-இல் பதினாலு வயதில் இருந்த அம்மா சமையலறையில் முனகியிருப்பார். வீரவநல்லூர் பக்கம் ஏதோ ஒரு சித்தப்பா கல்யாணத்தில் ரேடியோ செட்காரர் போட்டிருப்பார். இயக்குநர் அதைத் திரையில் வைத்தபோது ஏற்கெனவே உழுது வைத்த வயலில்தான் விதைத்தார்.

கேட்கக் கேட்கப் பிடிக்கும் என்பதைச் சோதனை போட்டு நிறுவியவர் ராபர்ட் சையான்ஸ். 1968-இல் வந்த அவருடைய கட்டுரை பாட்டைப் பற்றியது இல்லை. பொருளில்லாத சொற்கள், சீன எழுத்துப் போன்ற குறிகள், முன்பின் தெரியாத ஆட்களின் புகைப்படங்கள் ஆகியவற்றில் சிலவற்றை ஓரிரு முறையும் சிலவற்றை இருபது முறைக்கு மேலும் காட்டினார். அதிகம் கண்ணில் பட்டவை ‘நல்லதாக’த் தோன்றின. காரணம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இசையை வைத்தும் பலர் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். கேட்டதே நினைவில் இல்லாத மெட்டுகூட இரண்டாம் முறை கொஞ்சம் இனிக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் தடவையே எரிச்சலூட்டிய பாட்டு திரும்பத் திரும்பக் கேட்டாலும் பெரும்பாலும் இனிப்பதில்லை, எரிச்சல்தான் கூடுகிறது.

திருநெல்வேலி ஜங்ஷனில் பாபநாசம் பஸ் ஏறினால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று தாமிரபரணி ஆற்றை ஒட்டியே போகும் பாதை. ஒரு பக்கம் நெல்வயல், வாழைத்தோட்டம். எதிரே பொதிகை மலை மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும். தினமும் அதில் வேலைக்குப் போய்வருகிறவருக்கு ஓட்டுநரின் பென்டிரைவ்தான் விதி. ஒரே வரிசை, ஒரே பாட்டுகள். சையான்ஸ் ஆய்வுக்கூடத்தில் செய்ததை ஓட்டுநர் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கிறார். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வண்டி கட்டிப் போகிற கூட்டத்தைக் கேட்க வேண்டாம். போகும்போது சாமி பாட்டு, வரும்போது குத்துப் பாட்டு, இரண்டும் தேயத் தேய ஓடும்.

ஆனால் தேய்வதற்கும் எல்லை இருக்கிறது. டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் 1971-இல் வரைந்த கோடு கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். பரிச்சயம் கூடக் கூட இன்பம் ஏறும். உச்சி தொட்டபின் இறங்கும். எளிய மெட்டு சீக்கிரம் உச்சிக்குப் போய்ச் சீக்கிரம் சலிக்கும், சிக்கலான மெட்டு மெதுவாக ஏறும். சலித்த பாட்டைச் சில மாதம் கேட்காமல் விட்டால் பழைய ருசியில் கொஞ்சம் திரும்பி வரும். ஜனவரியில் பொங்கலுக்கு வந்து மார்ச்சுக்குள் தேய்ந்துபோன பாட்டை டிசம்பரில் திடீரென்று கேட்டால் ‘அட, இதுவும் இந்த வருடம்தானா’ என்று தோன்றுகிறதல்லவா? வருடக் கடைசியில் போடும் பட்டியல்களில் செப்டம்பருக்குப் பின் வந்தவை கூடுதலாக இடம் பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நம் மறதிதான்.

இங்கே கொடை விழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது. அம்மன் கோயில் கொடை என்றால் செவ்வாய்க்கிழமை, சுடலைமாடனுக்கு வெள்ளிக்கிழமை என்பது இந்தப் பக்கத்து வழக்கம். கால்நாட்டு முடிந்ததும் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட். முன்பெல்லாம் மரத்திலும் கம்பத்திலும் கூம்புக் குழாய்கள் ஏறும். ராத்திரி வில்லுப்பாட்டு, பக்கத்தூர் சத்திரம்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் உலகமெங்கும் கொண்டுபோன கலை அது. சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து. உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று என்று இரண்டு மகுட மேளங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். இவற்றுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியெல்லாம் சினிமாப் பாட்டு.

அந்தப் பாட்டு ராத்திரியில் இரண்டு மூன்று ஊர் தாண்டிக் கேட்கும். பகலில் அதே குழாய், அதே சத்தம், பக்கத்து ஊருக்கே மங்கலாகத்தான் வரும். ஊர் அடங்கிவிடுவது ஒரு காரணம். இன்னொன்று காற்றில் இருக்கிறது. ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. ஒலி அலையின் அடிப்பகுதி முந்துகிறது, மேற்பகுதி பிந்துகிறது. அலை வானத்தைப் பார்த்து வளைந்துவிடுகிறது. கொஞ்ச தூரத்துக்கு அப்பால் நிற்கிறவரின் தலைக்கு மேலே பாட்டு போய்க்கொண்டிருக்கும், அவர் காதில் விழாது. சூரியன் மறைந்து, தண்ணீர் நிற்கும் வயல் குளிர்ந்ததும் எல்லாம் தலைகீழ். தரைக் காற்று குளிர்ச்சி, மேல்காற்று அதைவிடச் சூடு. மேலே எழும்பிய அலை திரும்பத் தரைக்கே வளைகிறது. காற்றடங்கிய இரவில் ஆற்றுப்படுகை நெடுக இந்த அடுக்கு உட்கார்ந்துகொண்டால், கோபாலசமுத்திரத்துக் கொடைப் பாட்டு ஆற்றைத் தாண்டியும் கேட்கும். கூம்புக் குழாய் ஆழ்ந்த மத்தள ஒலியை விழுங்கிவிட்டு மனிதக் குரல் இருக்கும் இடைப்பட்ட சுருதிகளையே தூக்கி அனுப்பும். அதனால் தூரத்தில் தாளம் போய், குரல் மட்டும் வந்து சேரும். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்துக் குழந்தைகள் அப்படித்தான் அரைத்தூக்கத்தில் கற்றுக்கொண்டார்கள். கூம்புக் குழாய்க்கு இப்போது தடை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு வாய்ப்பூட்டுப் போடுகின்றன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளையும் படுக்கையில் கிடக்கிற முதியவர்களையும் நினைத்தால் விதி நியாயமானதுதான்.

பழக்கம் மட்டும் போதுமென்றால் எல்லா விளம்பரப் பாட்டும் காவியமாகிவிடும். பழகிய பாட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் புல்லரிக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? 2011-இல் மான்ட்ரியாலில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் ஸடோரேயும், கேட்டாலே புல்லரிக்கும் பாட்டு ஒன்று தங்களுக்கு உண்டு என்று சொன்னவர்களாகத் தேர்ந்து, அவரவர் பாட்டையே கொண்டுவரச் சொல்லி மூளையைப் படமெடுத்தார்கள். சிலிர்ப்பு வரும் கணத்தில் மூளையின் ஆழத்தில் டோபமின் சுரந்தது. அதைவிடச் சுவையான செய்தி, அந்தக் கணத்துக்குச் சில வினாடிகள் முன்பே பக்கத்தில் வேறொரு பகுதியில் டோபமின் சுரக்கத் தொடங்கிவிட்டது. வரப்போகிறது என்று தெரிவதிலேயே பாதி இன்பம்.

இதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் காருகுறிச்சி. அந்த ஊர் நாகசுரக் கலைஞர் அருணாசலம் 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்காக வாசித்தார். எஸ். ஜானகி பாடினார், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. ‘சிங்கார வேலனே தேவா’ என்ற அந்தப் பாட்டு ஆபேரி ராகம். மேலே ஏறும்போது ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். ரியும் தவும் கிடையாது. இறங்கும்போது ஏழும் வந்துவிடும். ராகத்தின் பெயர் தெரியாத ஆளுக்கும் பாட்டு கொஞ்ச தூரம் போவதற்குள் இந்த ஒழுங்கு பிடிபட்டுவிடும். எட்டு மாதக் குழந்தைகளே இரண்டு நிமிடம் அசைகளைக் கேட்டதும் எதற்குப் பின் எது வரும் என்று பிடித்துக்கொள்வதை 1996-இல் ஜெனி சாஃப்ரான் குழுவினர் காட்டினார்கள். சுரங்களை வைத்தும் அப்படியே நடந்தது. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை. காது தானே எண்ணிக்கொள்கிறது.

இப்போது அந்தப் பாட்டின் பிற்பகுதிக்கு வாருங்கள். குரல் ஒரு சுர வரிசையைப் போடும், நாகசுரம் அதை வாங்கித் திருப்பித் தரும். இரண்டொரு முறை அப்படி நடந்ததும் கேட்கிறவர் குரல் முடியும் முன்பே நாகசுரத்துக்குக் காத்திருக்கத் தொடங்குகிறார். எந்தச் சுரங்கள் வரலாம் என்று காதுக்குத் தெரியும். எந்தப் பின்னலில் வரும் என்று தெரியாது. பாதி தெரிந்து பாதி தெரியாத அந்த இடத்தில்தான் பாட்டு நம்மைப் பிடித்து உலுக்குகிறது. இதையே எண்களில் சொல்ல முயன்றவர்கள் உண்டு. வின்சென்ட் சியூங் குழுவினர் 2019-இல் 745 அமெரிக்க ஹிட் பாட்டுகளிலிருந்து 80,000 சுரக்கூட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்று கணினியில் அளந்தார்கள். அடுத்து என்ன என்று உறுதியாகத் தெரிந்திருக்கும்போது ஏமாற்றினால் இன்பம். ஒன்றுமே பிடிபடாமல் தவிக்கும்போது எதிர்பார்த்தது வந்தாலும் இன்பம். இரண்டுக்கும் நடுவில் சப்பென்று இருந்தது. காருகுறிச்சியார் இதையெல்லாம் படித்துவிட்டு வாசிக்கவில்லை. 1964-இல், நாற்பத்துச் சொச்ச வயதில், போய்விட்டார். அந்தப் பாட்டு இன்றும் இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் நாகசுரக்காரர் தப்பிக்கவே முடியாத நேயர் விருப்பம்.

இதுவரை சொன்னது ஒரு காதின் கதை. ஊர்க் காது என்று ஒன்று இருக்கிறது. 2006-இல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் இணையத்தில் ஒரு விளையாட்டுச் சந்தை நடத்தினார்கள். யாரும் கேள்விப்படாத குழுக்களின் 48 பாட்டுகள். கேட்க வந்தவர்கள் 14,341 பேர். ஒரு பகுதியினர் பிறர் எதை எடுத்தார்கள் என்று தெரியாமல் தனியே கேட்டார்கள். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியும்படி வைத்தார்கள். பாட்டுகள் ஒன்றேதான். எட்டு உலகத்திலும் முடிவு வெவ்வேறு. தனியே கேட்டவர்கள் 26-ஆம் இடம் கொடுத்த ஒரு பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னோர் உலகத்தில் நாற்பதாவது இடத்தில் கிடந்தது. படுமோசமான பாட்டு முதலிடத்துக்கு வருவது அரிது, மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும் அரிது. நடுவில் இருக்கிற பெருங்கூட்டத்துக்கு முதல் சில பேரின் கை எந்தப் பக்கம் போனதோ அதுதான் தலையெழுத்து.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு பல வருடம் அப்படி ஓர் உலகமாக இருந்தது. அந்த உலகத்துக்குக் கொழும்பு தலைநகர். 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை ஒடுக்கினார். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கும்வரை இந்தியக் காதுகளுக்கு இலங்கை வானொலிதான் கதி. இந்திப் பக்கம் அமீன் சயானி 1952-இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா வாரம்தோறும் பாட்டுகளை வரிசைப்படுத்தியது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையையும் நேயர்களின் விருப்பத்தையும் சேர்த்துப் போட்ட வரிசை. வருடக் கடைசியில் ஆண்டுப் பட்டியலுக்காக நாடே காத்துக்கிடந்தது. தமிழ்ப் பக்கம் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்ற அறிவிப்பாளர்கள். ‘பொங்கும் பூம்புனல்’ காலையில் ஒலித்தால் வீட்டில் மணி பார்க்க வேண்டியதில்லை. திருநெல்வேலிக்குச் சொந்த வானொலி நிலையம் 1963-இல் வந்தது. வந்த பிறகும் சிலோன் ரேடியோவின் முள் பல வீடுகளில் நகரவில்லை.

ஏன் அங்கிருந்து அவ்வளவு துல்லியமாகக் கேட்டது? வரைபடத்தில் அளந்து பாருங்கள். நெல்லையிலிருந்து சென்னை நேர்கோட்டில் 550 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு 300 சொச்சம்தான். அந்தக் கோடும் கொழும்பை விட்டதும் மன்னார் வளைகுடாவில் இறங்கி, ஏறக்குறைய 250 கிலோமீட்டர் கடல் மேலேயே வந்து, குலசேகரன்பட்டினம் பக்கம் கரையேறுகிறது. மத்திய அலை வரிசை வானொலி அலை தரையை ஒட்டி ஊர்ந்து வரும். ஊர்ந்துவரும் பரப்பு மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவுக்கு அலையின் சக்தி வீணாகாது. உப்புக்கடல் வறண்ட மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் நல்ல கடத்தி. வறண்ட மண்ணைத் தாண்டிக் கயத்தாறு வழியாக வருகிற சென்னை அலை பாதி வழியில் களைத்துவிடும். கடல் வழி வந்தது திடமாக வந்து சேரும். இருட்டிய பிறகு இன்னொரு சலுகை. பகலில் தரைக்கு மேல் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிக்கொண்டிருக்கும். சூரியன் விழுந்ததும் அது கரைந்துவிடுகிறது. அப்போது மேலே போகும் அலைகள் இன்னும் உயரத்திலுள்ள அடுக்குகளில் மோதித் திரும்பி வருகின்றன. சிற்றலையோ பகலிலேயே அந்த மேலடுக்குகளில் மோதித் திரும்பும் சாமர்த்தியம் உள்ளது. அமைச்சர் ஒருவரின் ரசனையும் கடலின் உப்பும் சேர்ந்து ஒரு தலைமுறையின் பிடித்த பாட்டுகளைத் தீர்மானித்தன என்றால் மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எல்லோரும் ஒரே பெட்டியைக் கேட்டதால், டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே பாட்டுகள் தெரிந்திருந்தன. சூரியன் எஃப்.எம்., ஹலோ எஃப்.எம். காலத்திலும் ஓரளவு அப்படித்தான். இப்போது ஒரே வீட்டுக்குள் நாலு கைபேசி, நாலு உலகம். அண்ணனின் ஆண்டு அட்டையும் தங்கையின் ஆண்டு அட்டையும் ஒரு பாட்டில்கூடச் சேராமல் போகலாம். சேர்கிற இடம் எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கல்யாணத்து டிஜே, ஒரு கொடை, ஒரு பஸ்.

பிடித்த பாட்டு மூளையில் எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரம்ஹான்சல் 2010-இல் பிரபலமான பாட்டுகளிலிருந்து வெறும் 400 மில்லி வினாடித் துண்டுகளை வெட்டிப் போட்டார், அரை வினாடிகூட இல்லை. நான்கில் ஒரு பங்குக்கு மேல் பாடியவரையும் பாட்டின் பெயரையும் கேட்டவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள். முன்னிசையின் முதல் கிட்டார் தந்தி அதிர்ந்ததும் ‘ஏல, சத்தத்தைக் கூட்டு’ என்கிற பையன்களுக்கு இது செய்தியே இல்லை. அந்த அரை வினாடிக்குள் மெட்டு இருக்காது. இருப்பது வாத்தியத்தின் நாதமும் ஒலிப்பதிவின் நிறமும்தான். அதுவே போதுமாயிருக்கிறது.

1994-இல் டேனியல் லெவிட்டின் செய்தது இன்னும் எளிது, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இசைப் பயிற்சி பார்க்காமல் 46 பேரைக் கூப்பிட்டு, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுகளில் இரண்டை ஞாபகத்திலிருந்து பாடச் சொன்னார். ஒலித்தட்டோடு ஒப்பிட்டால் பத்துக்கு நாலு பேர் ஒரு பாட்டிலாவது அசல் சுருதியிலேயே தொடங்கியிருந்தார்கள். வேகத்தில் இன்னும் கெட்டி: பாடியவற்றில் 72 சதவிகிதம் அசல் வேகத்தை விட்டு 8 சதவிகிதத்துக்கு மேல் விலகவில்லை. சுருதி ஞானம் பாகவதர்களுக்கு மட்டும் வாய்த்தது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி.

ஆகவே இந்த வருடத்துப் பாட்டு ஒன்றையும் சின்ன வயதில் கேட்ட பாட்டு ஒன்றையும், கைபேசியில் போட்டுக் கேட்காமல், முதலில் நீங்களே பாடிப் பதிவு செய்யுங்கள். பிறகு அசலைப் போட்டு ஒப்பிடுங்கள். புதுப் பாட்டு ஒத்துப்போகவே வாய்ப்பு அதிகம், எல்லாக் கைபேசியிலும் அது ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. பழைய பாட்டு இடித்தால் உடனே காதைக் குறை சொல்ல வேண்டாம். கேசட்டில் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். டேப்பின் மோட்டார் 6 சதவிகிதம் வேகமாகச் சுற்றினாலே பாட்டு அரைக்கட்டை ஏறிவிடும். நாடா இழுத்துச் சிக்கினால் இறங்கிவிடும். நீங்கள் ஒரு கட்டையில் இருக்க வேண்டிய பாட்டை ஒன்றரைக் கட்டையில் எடுத்திருந்தால், தொண்ணூறுகளில் அம்பாசமுத்திரம் போன ஏதோ ஒரு தனியார் பஸ்ஸின் டேப் வேகமாக ஓடியதைத்தான் இத்தனை வருடம் பிசகாமல் மனப்பாடமாக வைத்திருக்கிறீர்களோ என்னவோ.